வைத்தியசாலைப் பிளாஸ்ரிக்: எதைக் குறைக்கலாம், எதில் கைவைக்கக் கூடாது?

பாசிக்குடாக் கரையில் ஒதுங்கும் பிளாஸ்ரிக்கைப் பற்றிப் பேச்செழும்போது சுற்றுலா விடுதிகள், சாப்பாட்டுக் கடைகள், விடுமுறைக்கு வந்து போகும் கூட்டம் என்று பொறுப்பாளிகளின் பட்டியல் உடனே தயாராகிவிடும். வைத்தியசாலையின் பெயர் அந்தப் பட்டியலில் வருவது அரிது. நோய் தீர்க்கும் இடத்தைக் குப்பைக் கணக்கில் சேர்க்க மனம் ஒப்புவதில்லை. ஆனால் கல்குடா, பாசிக்குடா மக்கள் நாடும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை தொடங்கி மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை வரை, இந்தக் கரையோரத்தின் ஒவ்வொரு சிகிச்சை நிலையத்திலும் சிறிஞ்ச், கையுறை, சேலைன் குழாய், சிறுநீர் சேகரிக்கும் பை, முகக்கவசம், மருந்துறை என்று ஒரே தடவை பாவித்து எறியும் பொருட்கள் நாளாந்தம் சேர்கின்றன.

நோயாளியின் பாதுகாப்பைக் குறைக்காமல் இந்தப் பிளாஸ்ரிக்கைக் குறைக்க முடியுமா? முடியுமென்றால் எங்கிருந்து தொடங்குவது? உலகெங்கும் பல தசாப்தங்களாகக் கேட்கப்பட்டுவரும் இக்கேள்விக்கு ஒன்றோடொன்று மோதும் பல விடைகள் உண்டு. ஒவ்வொன்றும் ஓர் உண்மையான துன்பத்திலிருந்தோ தேவையிலிருந்தோ பிறந்தது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லையும் உண்டு. அவற்றை வரிசைப்படுத்தி, மட்டக்களப்பு வாவிப் பிரதேசத்தின் நிலைமையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்விடத்தின் தன்மை விவாதத்துக்கு முக்கியமானது. கரையோரம் மணற்பாங்கான நிலம். மழைநீர் விரைவாக உள்ளிறங்கி, ஆழமில்லாத கிணறுகளுக்கு ஊற்றாகிறது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் தாழ்நிலங்கள் வெள்ளத்தில் மூழ்கும். வாழைச்சேனை வாவி கல்குடாவுக்கு அருகே கடலைச் சேர்கிறது. தெற்கே மட்டக்களப்பு வாவி பாலமீன்மட்டிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் கடலோடு கலக்கிறது. எனவே இங்கே புதைக்கப்படுவது கிணற்றையும், எரிக்கப்படுவது காற்றையும், வெள்ளம் அள்ளிச் செல்வது வாவி வழியே கடலையும் சேரக்கூடும். கழிவை ஒதுக்குப்புறமாக வைத்துவிட்டு மறக்கும் வசதி இந்த நிலத்துக்கு இல்லை.

முதல் விடை: ஒருமுறைப் பாவனையே பாதுகாப்பு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வைத்தியசாலைப் பொருட்களில் பெரும்பாலானவை மீண்டும் மீண்டும் பாவிக்கப்பட்டவைதான். சிறிஞ்ச் கண்ணாடியால் ஆனது. ஊசி தீட்டப்பட்டு மறுபடியும் பாவிக்கப்பட்டது. இரத்தம் கண்ணாடிப் போத்தலில் சேகரிக்கப்பட்டது. 1950களில் நிலைமை மாறத் தொடங்கியது. நியூசிலாந்தைச் சேர்ந்த மருந்தாளர் கொலின் மர்டொக், எறிந்துவிடக்கூடிய பிளாஸ்ரிக் சிறிஞ்சுக்கு 1956இல் காப்புரிமை பெற்றார். அமெரிக்க அறுவை மருத்துவர் கார்ல் வோல்ட்டரின் முயற்சியால் உடையாத பிளாஸ்ரிக் இரத்தப் பைகள் கண்ணாடிப் போத்தல்களின் இடத்தைப் பிடித்தன. விலை குறைவு, நிறை குறைவு, கழுவி அவிக்கும் வேலை இல்லை என்பவை பிளாஸ்ரிக்கின் கவர்ச்சிகள். அவற்றினும் வலுவான காரணம் தொற்று அச்சம்.

அந்த அச்சத்துக்கு ஆதாரம் உண்டு. எகிப்தில் 1950களிலிருந்து 1980கள் வரை சிஸ்டோசோமியாசிஸ் எனும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்கப் பெருந்திரளான மக்களுக்கு ஊசி போடப்பட்டது. சரிவரக் கிருமி நீக்கப்படாத கண்ணாடிச் சிறிஞ்சுகளால் ஈரல் அழற்சி ‘சி’ அந்நாட்டில் பரவியதாக ஆய்வாளர்கள் முடிவு செய்தனர். பாதுகாப்பற்ற ஊசிகளால் 2000ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் பேருக்கு ஈரல் அழற்சி ‘பி’யும், 20 இலட்சம் பேருக்கு ‘சி’யும், 2 இலட்சத்து 60 ஆயிரம் பேருக்கு எச்.ஐ.வி.யும் தொற்றியதாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டது. 2009இல் குஜராத்தின் மொடாசாவில் பாவித்த சிறிஞ்சுகளின் மீள்பாவனையோடு தொடர்புடைய ஈரல் அழற்சி ‘பி’ பலரின் உயிரைக் குடித்தது. 2019இல் பாகிஸ்தானின் ரத்தோதெரோவில் நூற்றுக்கணக்கான குழந்தைகள் எச்.ஐ.வி. தொற்றோடு இனங்காணப்பட்டபோதும் பாதுகாப்பற்ற ஊசிப் பழக்கமே முக்கிய காரணமாகக் காட்டப்பட்டது.

இந்த அனுபவங்களின் விளைவாகவே, தடுப்பூசிக்கு ஒரு தடவைக்குப் பின் தானே பூட்டிக்கொள்ளும் சிறிஞ்சுகளை மட்டும் பாவிக்க வேண்டுமென உலக சுகாதார அமைப்பும் யுனிசெஃபும் 1999இல் கூட்டாக அறிவித்தன. ஆகவே பிளாஸ்ரிக்கைக் குறைக்கச் சொல்லும் எவரும் இந்த வரலாற்றைத் தாண்டித்தான் பேச வேண்டும். இரத்தத்தோடு உறவாடும் ஊசியையும் குழாயையும் பொறுத்தவரை இந்த முதல் விடை இன்றும் அசைக்க முடியாதது.

அதன் பலவீனம் அதன் பரப்பில் இருக்கிறது. சிறிஞ்சுக்குக் கிடைத்த நியாயம் மெல்ல மெல்ல அறுவைச் சிகிச்சை மேலங்கி, விரிப்பு, சிறுநீரக வடிவத் தட்டு, மருந்துக் கிண்ணம், குடிநீர்க் கோப்பை என்று நீண்டுவிட்டது. இவை ஒவ்வொன்றும் மீள்பாவனையால் நோய் பரப்பின என்பதற்கு அதே வலுவுள்ள சான்று இல்லை. ஊசிக்குரிய அளவுகோலைக் கோப்பைக்கும் பிடித்ததில்தான் சிக்கலின் பெரும்பகுதி தொடங்குகிறது.

இரண்டாவது விடை: பிரித்தால் போதும்

வைத்தியசாலைக் கழிவில் ஏறத்தாழ 85 வீதம் வீட்டுக் குப்பையைப் போன்ற ஆபத்தற்ற கழிவு. எஞ்சிய 15 வீதமே தொற்று, நச்சு, கதிரியக்கம் முதலிய ஆபத்துள்ளது என்பது உலக சுகாதார அமைப்பு பல காலமாகச் சொல்லிவரும் கணக்கு. பிரித்துப் போட்டால் பெரும்பகுதியை மீள்சுழற்சிக்கு அனுப்பலாம், ஆபத்துள்ள சிறுபகுதியை மட்டும் கவனமாக அழிக்கலாம் என்பது இந்தத் தரப்பின் வாதம்.

இலங்கையில் இதற்குச் சட்டத் தளம் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 2008 பெப்ரவரியில் வெளியான ஒழுங்குவிதிகள், சுகாதாரக் கழிவை அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவுகளில் சேர்த்து, அதை உருவாக்குவோரும் கையாள்வோரும் அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமென விதித்தன. நிறக் குறியீடும் நடைமுறையில் உள்ளது: தொற்றுக் கழிவுக்கு மஞ்சள், கூரானவற்றுக்குச் சிவப்புக் கோடிட்ட மஞ்சள், உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், பிளாஸ்ரிக்குக்குச் செம்மஞ்சள், கண்ணாடிக்குச் சிவப்பு, பொதுக் கழிவுக்குக் கறுப்பு.

விதி எளிது. நடைமுறையில் என்ன நிகழக்கூடும் என்பதை விடுதியில் ஒரு நோயாளிக்குச் சேலைன் ஏற்றும் சில நிமிடங்களைக் கொண்டு பார்க்கலாம். சேலைன் போத்தலைச் சுற்றியுள்ள மெல்லிய உறை கிழிக்கப்படுகிறது. துளி விழும் அறையும் உருளைத் திருகும் கொண்ட குழாய்த் தொகுதி இன்னொரு உறையிலிருந்து வெளிவருகிறது. கனியுலாவின் உறையில் ஒரு பக்கம் கடதாசி, மறுபக்கம் பிளாஸ்ரிக். இரண்டும் ஒட்டியிருப்பதால் மீள்சுழற்சி செய்வோர் அதை விரும்புவதில்லை. ஊசி மூடி ஒன்று, கையுறை ஒரு சோடி, பஞ்சு, ஒட்டுப்பட்டியின் பின்தாள். இவற்றில் இரத்தம் பட்டவை கனியுலாவின் ஊசியும் பஞ்சும், சில வேளை கையுறையும் மட்டுமே. மற்றவை உறை கிழிபடும் கணத்தில் சுத்தமானவை. அவை சுத்தமாகவே எஞ்ச வேண்டுமானால் கட்டிலுக்கு அருகிலேயே வேறொரு கூடை வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது மஞ்சள் பை ஒன்றே என்றால் எல்லாம் அதற்குள்தான் போகும். இரத்தம் தோய்ந்த ஒரு பஞ்சு, அந்தப் பை முழுவதையும் தொற்றுக் கழிவாக்கிவிடுகிறது.

பிரித்தல் தோற்கும்போது குற்றம் வழக்கமாகச் சிற்றூழியர் மீது சுமத்தப்படுகிறது. இது நியாயமில்லை. கூடை எங்கே வைக்கப்படுகிறது, நிறப் பைகள் தட்டுப்பாடின்றிக் கிடைக்கின்றனவா, பிரித்த பிளாஸ்ரிக்கை எடுத்துச் செல்ல யாராவது வருகிறார்களா என்பவை நிர்வாகத்தின் பொறுப்புகள். பிரித்துக் கட்டிய பைகள் எல்லாம் கடைசியில் ஒரே வண்டியில் ஏறுவதைப் பார்த்த ஊழியர், அடுத்த நாளும் அதே அக்கறையோடு பிரிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

கோட்பாட்டளவிலும் இந்த விடைக்கு எல்லை உண்டு. பிரித்தல் ஆபத்தைக் குறைக்கிறது. பிளாஸ்ரிக்கின் அளவைக் குறைப்பதில்லை. அத்தோடு 85 வீதம் என்பது பல நாடுகளைத் திரட்டிய பொதுக் கணக்கு. பெருந்தொற்று, சிறுநீரகச் சுத்திகரிப்புப் பிரிவின் விரிவாக்கம் போன்றவை ஒரு வைத்தியசாலையின் விகிதத்தை வெகுவாக மாற்றக்கூடும்.

மூன்றாவது விடை: எரிப்பதா, அவிப்பதா?

ஒரு தரப்பு பிளாஸ்ரிக்கின் வரவைக் கேள்வி கேட்பதில்லை. பாதுகாப்பாக அழித்துவிட்டால் போதும் என்கிறது. எரியுலை இத்தரப்பின் பழைய நம்பிக்கை. கழிவின் கனவளவு பெருமளவு குறைகிறது, கிருமி அழிகிறது, பாவித்த சிறிஞ்ச் மீண்டும் சந்தைக்கு வரும் அபாயம் இல்லை. மொடாசாவுக்குப் பின் இந்தக் கடைசிக் காரணத்தை எளிதில் ஒதுக்க முடியாது.

எதிர்ப்பு வேதியியலிலிருந்து வந்தது. குழாய்களிலும் பைகளிலும் பெரிதும் பயன்படும் பீ.வீ.சீ.யில் குளோரின் உண்டு. போதிய வெப்பமின்றி அது எரியும்போது டயொக்சின் போன்ற நீடித்த நச்சுகள் உருவாகின்றன. அமெரிக்காவில் மருத்துவக் கழிவு எரியுலைகள் டயொக்சினின் முக்கிய ஊற்று என்று 1990களில் இனங்காணப்பட்டதைத் தொடர்ந்து, 1996இல் ‘ஹெல்த் கெயார் விதவுட் ஹார்ம்’ என்ற அமைப்பு உருவாயிற்று. இலங்கையும் இணைந்துள்ள ஸ்டொக்ஹோம் உடன்படிக்கை மருத்துவக் கழிவு எரியுலைகளை இத்தகைய நச்சுகளின் ஊற்றுகளில் ஒன்றாகப் பட்டியலிடுகிறது. இரண்டாம் அறையில் உயர் வெப்பமும் புகைச் சுத்திகரிப்பும் கொண்ட உலைகள் நச்சை வெகுவாகக் குறைக்கும். ஆனால் அவற்றை வாங்கவும் தொடர்ந்து பேணவும் ஆகும் செலவு சிறிய வைத்தியசாலைகளுக்குக் கட்டுப்படியாகாது. திறந்த வெளியில் எரிப்பது இவை எல்லாவற்றிலும் கேடானது. இலங்கையில் பிளாஸ்ரிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.

மாற்று வழி ஒட்டோகிளேவ் எனப்படும் நீராவிக் கலம். அழுத்த நீராவியில் கிருமி நீக்கி, துண்டாக்கி, பிளாஸ்ரிக்கை மீள்சுழற்சிக்கு விடலாம். காத்மாண்டுவின் பீர் வைத்தியசாலை இந்த வழியை நடைமுறையில் காட்டியது. ஊசியை அறுத்துப் பிரித்து, சிறிஞ்சுகளை நீராவியில் அவித்து, பிளாஸ்ரிக்கை விற்று, எரியுலையைத் தவிர்த்தது அதன் திட்டம். வசதி குறைந்த ஓர் அரச வைத்தியசாலையில் இது சாத்தியமானது என்பதே அதன் பெறுமதி. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு உயிர் மருத்துவக் கழிவு விதிகளும் இதே திசையில் சென்றன. குளோரின் சேர்ந்த பிளாஸ்ரிக் பைகளையும் கையுறைகளையும் படிப்படியாக நிறுத்தவும், சிவப்புப் பையில் சேரும் பிளாஸ்ரிக்கைக் கிருமி நீக்கி மீள்சுழற்சிக்கு அனுப்பவும், பைகளில் பட்டைக் குறியீடு இடவும் அவை சொல்கின்றன.

விதி எழுதப்பட்டதும் வேலை முடிந்துவிடுவதில்லை. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமங்களில் கேரளத்து மருத்துவமனைக் கழிவுகள் கொட்டப்பட்டிருப்பது தெரியவந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவுக்குப் பிறகு கேரள அதிகாரிகள் லொறிகளோடு வந்து அவற்றை அள்ளிச் சென்றனர். விதியும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் உள்ள இடத்திலேயே நடந்தது இது. இலங்கையும் இதை அறியும். பிரித்தானியாவிலிருந்து வந்து கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிய கழிவுக் கொள்கலன்களில் மருத்துவக் கழிவும் இருந்ததாகக் கண்டறியப்பட்டு, அவை 2020க்கும் 2022க்கும் இடையில் திருப்பி அனுப்பப்பட்டன. கழிவு எப்போதும் எதிர்ப்புக் குறைந்த இடத்தை நோக்கியே நகர்கிறது. நகர மையங்களுக்குத் தொலைவிலுள்ள கரையோர ஊர்கள் இதை மனதிற் கொள்ள வேண்டும்.

நான்காவது விடை: கழுவிப் பாவிப்போம்

துணி மேலங்கி, துணி விரிப்பு, உருக்குத் தட்டு, உருக்குக் கிண்ணம் ஆகியவற்றை மீண்டும் கொண்டுவரலாம் என்பது நான்காவது தரப்பு. பொருளின் பிறப்பு முதல் இறப்பு வரையான சுற்றாடல் பாதிப்பைக் கணக்கிடும் ஆய்வுகள் பல, மீள்பாவனை மேலங்கிகள் எறியும் மேலங்கிகளைவிடக் குறைந்த சக்தியும் குறைந்த காபனும் கோருவதாகக் காட்டியுள்ளன.

ஆனால் எல்லாப் பொருளுக்கும் எல்லா இடத்துக்கும் ஒரே முடிவு பொருந்துவதில்லை. அவுஸ்திரேலிய மயக்க மருந்தியல் நிபுணர் ஃபோர்ப்ஸ் மக்கெயினும் குழுவினரும் செய்த ஆய்வுகள் இதைத் தெளிவாக்கின. நிலக்கரி மின்சாரத்தைப் பெரிதும் நம்பிய விக்டோரியா மாநிலத்தில், மீள்பாவனைக் கருவிகளைக் கழுவி அவிக்க ஆகும் மின்சாரம் காரணமாக, சில தொகுதிகளில் எறியும் பொருளின் காபன் சுமையே குறைவாக இருந்தது. அதே கணக்கை மின்சார மூலம் வேறான ஐரோப்பிய நாடுகளுக்குப் போட்டபோது முடிவு மீள்பாவனைக்குச் சார்பாகத் திரும்பியது. பொருளை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அதை அவிக்கும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இலங்கையின் மின்சாரம் இரண்டு நிலைக்கும் இடையில் ஊசலாடுகிறது. மழை நன்றாகப் பெய்யும் ஆண்டில் நீர்மின்சாரம் கைகொடுக்கிறது; மழை பொய்த்தால் நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் பாரத்தைச் சுமக்கின்றன. வெயில் தாராளமான மட்டக்களப்பில் சலவைக்குச் சூரிய வெப்பமும் சூரிய மின்சாரமும் உதவக்கூடும். ஆனால் காபன் ஒன்றே கணக்கல்ல. சலவைக்குத் தண்ணீர் வேண்டும். வரண்ட மாதங்களில் அது எளிதில் கிடைக்காது. கழுவிய நீர் எங்கே போகிறது என்பதும் வாவியோரத்தில் முக்கியமான கேள்வி. சலவைப் பகுதியிலும் கிருமிநீக்கப் பிரிவிலும் போதிய ஆளணி, பழுதானால் திருத்தும் வசதி, ஒவ்வொரு சுற்றையும் பரிசோதிக்கும் ஒழுங்கு ஆகியவை இல்லாமல் மீள்பாவனையை அறிமுகப்படுத்துவது முதல் விடை எச்சரித்த அதே ஆபத்தை மீண்டும் அழைப்பதாகிவிடும். எகிப்தில் பிழைபட்டது கண்ணாடியல்ல, கிருமிநீக்கம் என்பதை மறக்கலாகாது.

ஐந்தாவது விடை: தடையும் கொள்வனவும்

மீத்தொட்டமுல்ல குப்பைமேடு 2017 ஏப்ரலில் சரிந்து உயிர்களைக் காவுகொண்ட பின்னர், அதே ஆண்டு செப்டெம்பரில் இலங்கை லஞ்ச் சீட், மெல்லிய பொலித்தீன், ரெஜிபோம் உணவுப் பெட்டி ஆகியவற்றைத் தடைசெய்தது. 2021 மார்ச் இறுதியில் சிறு பைக்கற்றுகள், பிளாஸ்ரிக் தண்டுள்ள பஞ்சுக்குச்சிகள் முதலியன தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2023 ஒக்டோபரில் உறிஞ்சுகுழல், பிளாஸ்ரிக் கரண்டி, தட்டு, மாலை, இடியப்பத் தட்டு ஆகியவை வந்தன.

இந்தப் பட்டியல்கள் சுகாதாரத் துறையை நடத்தும் விதம் கவனிக்கத் தக்கது. 2021ஆம் ஆண்டுத் தடையில் மருத்துவப் பாவனைக்கான பஞ்சுக்குச்சிக்கும் மருந்துப் பைக்கற்றுக்கும் விலக்கு அளிக்கப்பட்டது. விலக்கு அவசியமானதுதான். ஆனால் துறை முழுவதையும் விலக்கும் போக்கு பின்னர் திருத்தக் கடினமான பழக்கமாகலாம். 2022இல் நைரோபியில் தீர்மானிக்கப்பட்டு, 2024இல் பூசானிலும் 2025இல் ஜெனீவாவிலும் இணக்கமின்றி முடிந்த உலகப் பிளாஸ்ரிக் உடன்படிக்கைப் பேச்சுகளிலும் இதே முரண் எழுந்தது: சுகாதாரத் துறைக்கு முழு விலக்கா, பொருளுக்குப் பொருள் விலக்கா என்பது அங்கும் தீரவில்லை.

மறுபுறம், விலக்குக்கு உட்படாத பொருட்களும் வைத்தியசாலை வளவுக்குள் தாராளமாக நுழைகின்றன. பார்வையாளர் நேரத்தில் வரும் சோற்றுப் பார்சல், சிற்றுண்டிச்சாலைக் கோப்பை, தண்ணீர்ப் போத்தல், மருந்து கொண்டுபோகும் சொப்பிங் பை ஆகியவை இரத்தத்தோடும் கிருமியோடும் எந்தத் தொடர்பும் இல்லாதவை. அவற்றைக் குறைக்க எந்த மருத்துவ ஆய்வும் தேவையில்லை. வடிகட்டிய குடிநீர்க் குழாய், பாத்திரம் கழுவ ஓர் இடம், மருந்துக்குக் கடதாசி உறை, நோயாளிகளை வீட்டுப் பையோடு கிளினிக்குக்கு வரப் பழக்குதல் ஆகியவை போதும். திரவ மருந்துக்கு வீட்டிலிருந்து போத்தல் கொண்டுவரும் வழக்கம் நம் மக்களுக்குப் புதியதும் அல்ல.

கடினமான பகுதி கொள்வனவு. அரச வைத்தியசாலைகளுக்கான மருத்துவப் பொருட்களில் பெரும்பாலானவை சுகாதார அமைச்சின் மருத்துவ வழங்கல் பிரிவினூடாகவும் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் கேள்விப்பத்திரங்களினூடாகவும் வருகின்றன. சேலைன் எந்த வகைப் பிளாஸ்ரிக்கில் வர வேண்டும், எத்தனை உறைகளோடு வர வேண்டும் என்பதை வாழைச்சேனையில் உள்ள ஒரு தாதிய உத்தியோகத்தரோ வைத்திய அத்தியட்சகரோ தீர்மானிக்க முடியாது. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை மத்திய அமைச்சின் கீழும், இங்குள்ள ஆதார, பிரதேச வைத்தியசாலைகள் மாகாண நிர்வாகத்தின் கீழும் இருப்பது ஒருங்கிணைப்பை மேலும் சிக்கலாக்குகிறது. கேள்விப்பத்திரத்தில் விலையோடு உறையின் அளவும் மூலப்பொருளும் நிபந்தனையானால், ஒரே தீர்மானம் நாடு முழுவதையும் தொடும். தடைச்சட்டத்தை விட வலுவான கருவி இது. ஆனால் அந்நியச் செலாவணி இறுகும் காலங்களில் மலிவான கேள்வியே வெல்லும் என்பதும் உண்மை.

ஆறாவது விடை: பாவிக்காமலே விடுதல்

மிகப் பிந்தி வலுப்பெற்ற தரப்பு இது. மாற்றுப் பொருளைத் தேடுமுன், அந்தப் பொருள் அந்த இடத்தில் தேவைதானா என்று இது கேட்கிறது. லண்டனின் கிரேட் ஓர்மண்ட் ஸ்ட்ரீட் சிறுவர் வைத்தியசாலை 2018இல் தொடங்கிய கையுறைக் குறைப்பு இயக்கம் இதற்கு அடிக்கடி காட்டப்படும் உதாரணம். ஊழியர்கள் தேவையற்ற வேளைகளில் கையுறை அணிவதைத் தவிர்த்து, கைகழுவலை இறுக்கமாகக் கடைப்பிடித்ததால், ஓராண்டில் ஏறத்தாழ 37 இலட்சம் கையுறைகளும் 21 தொன் பிளாஸ்ரிக்கும் மிச்சமாயின. படுக்கை விரிப்பை மாற்றவும் இரத்த அழுத்தம் பார்க்கவும் பொதுவாகக் கையுறை வேண்டியதில்லை. ஒரே கையுறையோடு பல நோயாளிகளைத் தொடுவது தொற்றைப் பரப்பக்கூடும். எனவே இங்கே பிளாஸ்ரிக் குறைப்பும் நோயாளி பாதுகாப்பும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

ஊசிக்கும் இது பொருந்தும். உலகில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 1,600 கோடி ஊசிகள் போடப்படுவதாகவும், அவற்றுள் தடுப்பூசிகள் 5 வீதம் அளவே என்றும், எஞ்சியவற்றில் பல வாய்வழி மருந்தால் ஈடுசெய்யக் கூடியவை என்றும் 2015இல் உலக சுகாதார அமைப்பு கூறியது. விழுங்கக்கூடிய நோயாளிக்குக் குளிசையே போதுமாக இருக்கையில் நாளம் வழி பரசிற்றமோல் ஏற்றுவதைத் தவிர்த்தால், முன்னர் கண்ட சேலைன் குழாய், உறை, கையுறை அத்தனையும் தேவையற்றுப் போகின்றன. ஆனால் ஊசி போட்டால்தான் வருத்தம் மாறும் என்ற நம்பிக்கை நம் மக்களிடையே வேரோடியது. மருத்துவர் ஒருவர் குளிசையோடு அனுப்பும்போது நோயாளிக்கு விளக்கிச் சொல்ல அவகாசம் வேண்டும். நெரிசலான வெளிநோயாளர் பிரிவில் கிடைக்காத பொருள் அந்த அவகாசம்தான்.

குறைப்பையும் தட்டுப்பாட்டையும் ஒன்றாகக் கருதும் ஆபத்தும் இங்கே உண்டு. 2022இன் பொருளாதார நெருக்கடியில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்து, உபகரணத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்த நேர்ந்தது. அது சிக்கனமல்ல, இழப்பு. பிளாஸ்ரிக் குறைப்பு என்ற பெயரில் தேவையான பொருளை மறுப்பதற்கு எவரும் இடங்கொடுக்கக் கூடாது. அதே நெருக்கடி இன்னொன்றையும் காட்டியது. அடிப்படைப் பொருட்கள் அனைத்துக்கும் இறக்குமதியை நம்பியிருக்கும் அமைப்பு, கப்பல் தாமதித்தால் தடுமாறும். தேவையற்ற பாவனையைக் குறைப்பதும் சில பொருட்களை உள்ளூரிலேயே கழுவிப் பாவிப்பதும் நெருக்கடி காலத்துக்கான சேமிப்பாகவும் அமையலாம்.

மதிப்பீடு: என்ன தெளிவாகியுள்ளது, எது தீரவில்லை

ஆறு விடைகளும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றினாலும், பொருட்களைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வெவ்வேறு பொருட்களைப் பற்றியே அவை பேசுகின்றன. இதற்கு உதவும் சல்லடை மருத்துவத்துக்குள்ளேயே இருக்கிறது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஏர்ல் ஸ்போல்டிங் 1950களிலும் 60களிலும் வகுத்த முறைப்படி, இரத்தத்தையோ உடலின் கிருமியற்ற பகுதியையோ தொடும் கருவிகள் உயர் ஆபத்து. வாய், மூச்சுக்குழாய் போன்ற மென்சவ்வைத் தொடுபவை இடை ஆபத்து. காயமற்ற தோலை மட்டும் தொடுபவை தாழ் ஆபத்து. கிருமிநீக்கத்தின் அளவைத் தீர்மானிக்க உருவான இந்த வகைப்பாட்டைப் பிளாஸ்ரிக் விவாதத்துக்கும் பொருத்தினால், வேலையின் ஒழுங்கு ஓரளவு தெளிவாகிறது.

நோயாளியின் உடலையே தொடாத உணவு, நீர், பை, உறை ஆகியவற்றில் உடனே தொடங்கலாம். அங்கே தயங்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. தேவையற்ற கையுறையையும் ஊசியையும் தவிர்ப்பது அடுத்தது. அதற்குப் பயிற்சியும் மேற்பார்வையும் வேண்டும், பணம் அதிகம் வேண்டாம். துணி, உருக்கு மீள்பாவனை மூன்றாவது. நீர், மின்சாரம், ஆளணி உறுதியான இடங்களில் மட்டும், ஒவ்வொரு பொருளாக. சிறிஞ்ச், கனியுலா, இரத்தப் பை ஆகியவற்றில் கைவைக்க வேண்டியதில்லை. அவற்றுக்குப் பிரித்தலும் பாதுகாப்பான அழிப்புமே வழி. இந்த வரிசையைத் தலைகீழாக்கி அழிப்பில் தொடங்கினால், எவ்வளவு பணம் கொட்டினாலும் வரவு குறையாது.

வாவிப் பிரதேசத்துக்கு இந்த முடிவு கூடுதல் கனமுடையது. மணலும் வெள்ளமும் வாவியும் சேர்ந்து, கழிவை இறுதியில் அழிக்கும் வழிகள் ஒவ்வொன்றையும் இங்கே பலவீனமாக்குகின்றன. ஆகவே விடுதிக்குள் நுழையும் முன்னரே குறைக்கப்படும் ஒவ்வொரு கிலோவும், பெரிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு அருகிலுள்ள நகரத்தைவிட இங்கே அதிகப் பலன் தரும் என்று கருத இடமுண்டு.

தீராத கேள்விகளும் உள்ளன. கழிவுநீரையும் வரண்ட காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், மட்டக்களப்பில் துணி மேலங்கி உண்மையில் மேலானதா? பீ.வீ.சீ.க்கு மாற்றான சேலைன் பைகளின் கூடுதல் விலையை இலவச சுகாதார சேவை எவ்வாறு தாங்கும்? பல வைத்தியசாலைகளுக்குப் பொதுவான நீராவிக் கலம் ஒன்று பொருத்தமா, அல்லது கழிவை வீதியில் கொண்டுசெல்லும் ஆபத்து அதன் நன்மையை விழுங்கிவிடுமா? 2020 மார்ச் தொடங்கி 2021 நவம்பர் வரை ஐக்கிய நாடுகளின் வழியாக மட்டும் ஏறத்தாழ 87,000 தொன் தற்காப்பு உபகரணங்கள் வாங்கப்பட்டன. அடுத்த பெருந்தொற்றிலும் அதே அளவு வந்தால் கிழக்கின் சிறிய வைத்தியசாலைகள் அதை எங்கே வைக்கும்?

இவற்றுக்கு விடைகாண முதலில் அளவீடு வேண்டும். ஒவ்வொரு வைத்தியசாலையும் விடுதிவாரியாக, பொருள்வாரியாகத் தன் பிளாஸ்ரிக்கைச் சில மாதங்களாவது நிறுத்துப் பதிய வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞானங்கள் பீடம் மட்டக்களப்பிலேயே இருக்கிறது. மாணவர்களையும் சிற்றூழியரையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களையும் இணைத்து இத்தகைய பதிவைத் தொடங்குவது எட்டாத காரியமல்ல. மேற்கூறிய வரிசையின் முதலிரண்டு படிகள் அந்த அளவீட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மூன்றாவது படியை அளவீடு இல்லாமல் எடுக்கக் கூடாது.